வாசகர் தளத்தில் நிற்பது எதனால்? வடிவமைப்பு பற்றி ஓர் இழை

கேள்வி: பிப்ரவரி 3, 2025

சிறுகதை, கட்டுரை, ஊர் வரலாறு என்று வெளியிடும் சிறிய தமிழ் இணைய இதழ் ஒன்றை நடத்துகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கத்தோடு போய்விடுகிறார்கள் என்று வருகைக் கணக்கு காட்டுகிறது. புது டிசைன் போட்டுத் தருகிறேன் என்று வந்தவர், முகப்பில் ஸ்லைடர் (தானாக மாறி மாறி ஓடும் படப் பட்டை), நகரும் படங்கள், கீழே போகப் போக வந்துகொண்டே இருக்கும் கட்டுரைகள் எல்லாம் வைத்தால் ஆட்கள் நிற்பார்கள் என்கிறார். கணிசமான தொகை கேட்கிறார். டிசைனை மாற்றினால் வாசகர் நிற்பாரா?

பிப்ரவரி 3, இரவு

நிற்பார். ஆனால் அவர் சொல்கிற டிசைனுக்காக நிற்க மாட்டார்.

மதுரையில் உட்கார்ந்து சிறு பத்திரிகைகளுக்கும் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் வாசகர் முகப்பு வழியாக வருவதே அபூர்வமாக இருக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு, நேரே ஒரு கதைக்குள் வந்து விழுகிறார். அவர் கையில் இருப்பது போன். அவருக்கு வேண்டியது அந்தக் கதை.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு கதையை போனில் திறந்து, முதல் வரி கண்ணில் படுவதற்கு விரலால் எத்தனை தடவை தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். லோகோ, மெனு, விளம்பரம், பகிர்வு பொத்தான்கள், திரையை அடைக்கும் ஒரு படம், அப்புறம் தலைப்பு, அதற்குக் கீழே மறுபடி பகிர்வு பொத்தான்கள், பிறகுதான் கதை என்றால், போனவர் கதையைப் படித்துவிட்டுப் போகவில்லை. கதையைப் பார்க்காமலே போயிருக்கிறார்.

பிப்ரவரி 4

'ஒரே பக்கத்தோடு போய்விடுகிறார்கள்' என்ற கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில், ஒருவர் ஒரே பக்கத்தைத் திறந்து வேறெதையும் தொடாமல் மூடினால் அது 'பவுன்ஸ்'. அவர் அங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்று அதற்குத் தெரியாது; பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளும். அதாவது உங்கள் இதழின் மிக நீளமான கட்டுரையை ஒருவர் தேநீரோடு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் போனாலும், உள்ளே வந்த கணமே ஓடிப்போனவருக்கும் அவருக்கும் கணக்கில் வித்தியாசம் கிடையாது. அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1ஆம் தேதியோடு தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போதைய பதிப்பில் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அது 'ஈடுபட்ட' வருகை. முன்னதைவிட நியாயம்தான். ஆனாலும் 10 விநாடி என்பது தலைப்பையும் முதல் பத்தியையும் மேய்கிற நேரம்.

நான் பார்க்கிற கணக்கு வேறு. கட்டுரையின் கடைசிப் பத்தி எத்தனை பேர் திரையில் வந்தது, ஒரு மாதத்துக்குள் மறுபடி எத்தனை பேர் வந்தார்கள் என்ற இரண்டும்தான். இவை இரண்டும் நன்றாக இருந்தால் பவுன்ஸ் எவ்வளவு இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

பிப்ரவரி 6

தளத்தின் முகவரியைத் தந்ததற்கு நன்றி. நேற்று வெகுநேரம் பார்த்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது, கதைகள் நன்றாக இருக்கின்றன. படிக்கத்தான் முடியவில்லை.

நீங்கள் வாங்கியிருப்பது ஆங்கிலத்துக்குச் செய்த தீம், அதாவது தளத்துக்கான ஆயத்தத் தோற்றம். தமிழ்த் தளங்களில் பாதி சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆங்கில எழுத்து ஒரு கோட்டின் மேல் அடக்கமாக உட்காரும். தமிழுக்கு மேலேயும் கீழேயும் வேலை இருக்கிறது. மேலே புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி. கீழே கு, கூ, ழு, மூ என்று இறங்கும் கால்கள். தீமில் வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.4 மடங்கு என்று இருக்கிறது. அந்த உயரத்தில் மேல் வரியிலுள்ள 'மூ'வின் வால் கீழ் வரியிலுள்ள 'ர்' மேலிருக்கும் புள்ளியைத் தொடுகிறது. உங்கள் ஊர் வரலாற்றுக் கட்டுரையின் மூன்றாம் பத்தியைப் பாருங்கள், 'கூட்டுறவு' என்ற சொல்லுக்கு நேர் கீழே 'தீர்மானம்' வருகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கண் அந்த இடத்தில் தடுக்கும். இப்படி ஒரு பக்கத்தில் இருபது இடத்தில் தடுக்கினால் வாசகர் காரணம் தெரியாமலே களைத்துப்போய் மூடிவிடுவார். கேட்டால் "கட்டுரை நீளம்" என்பார்.

வரி உயரத்தை 1.7க்கு ஏற்றுங்கள். எழுத்தின் அளவு இப்போது 15 பிக்சல், 18 ஆக்குங்கள். இரண்டும் தளத்தின் தோற்றத்தை எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் இரண்டு வரி. செலவு கிடையாது.

அடுத்தது தலைப்புகள். ஆங்கிலத் தலைப்பு இறுக்கமாகத் தெரிய வேண்டும் என்று தீம் செய்தவர் எழுத்து இடைவெளியைக் குறைத்துவைத்திருக்கிறார். தமிழில் அது 'னை', 'ணை' போன்றவற்றை நெரித்துவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். தடித்த எழுத்திலும் பிரச்சினை: உங்கள் எழுத்துருவில் தடித்த வடிவம் ஏற்றப்படவில்லை. அதனால் உலாவி தானே எழுத்தைப் பூசித் தடிப்பாக்குகிறது. 'ண', 'ஞ' இவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு ஒரு கறுப்புத் திட்டாகிவிடுகிறது. தடித்த வடிவம் உள்ள எழுத்துருவைப் போடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாவற்றிலும் இருக்கிறது, இலவசம். நீண்ட கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எனக்குப் பிடிக்கும். அச்சுப் புத்தகத்தின் சாயல் அதில் கொஞ்சம் உண்டு.

இன்னும் ஒன்று. ஆசிரியர் பெயர், தேதி, படக்குறிப்பு இவற்றை வெளிர் சாம்பலில் வைத்திருக்கிறீர்கள். #999 என்ற அந்த நிறம் வெள்ளைப் பின்னணியில் 2.85 மடங்கு வேறுபாடுதான் தருகிறது. பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிக்கும்படி வகுத்த அணுகல் நெறிமுறைகள் கேட்பது குறைந்தது 4.5. வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று படிப்பவருக்கு எழுதியவர் பெயரே தெரியாது. எழுதியவருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு அது.

பிப்ரவரி 7

மேலே விட்டது: சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் சாய்ந்த வடிவம் கிடையாது. உலாவி எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. கதைக்குள் வரும் கடிதங்களை எல்லாம் நீங்கள் சாய்வில் போட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் உள்தள்ளி, ஓரத்தில் மெல்லிய கோடு போட்டால் போதும், அழகாகவும் இருக்கும்.

இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று வரிகளைச் சமன்செய்திருப்பதையும் போனுக்காவது எடுத்துவிடுங்கள். 360 பிக்சல் அகலத் திரையில் ஒரு வரிக்கு மூன்று தமிழ்ச் சொல் வரும். 'நிறுத்திவைக்கப்பட்டிருந்த' மாதிரி ஒன்று வந்துவிட்டால் மேல் வரியில் இரண்டே சொல் இரண்டு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், நடுவில் பெரிய வெற்றிடம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

பிப்ரவரி 10

வேகம் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிவைத்த மூன்று எல்லைகளை இன்றும் நான் நம்புகிறேன். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்தது போலிருக்கும். 1 விநாடி வரைக்கும் தாமதம் தெரியும், ஆனால் நினைப்பு அறுபடாது. 10 விநாடி தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். கருவிகள் மாறின, மனிதனின் பொறுமை மாறவில்லை.

கூகுள் இப்போது அளக்கும் மூன்றும் இதையே வேறு விதமாகக் கேட்கின்றன. முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும் (இது 2024 மார்ச்சில் பழைய அளவை நீக்கிவிட்டு வந்தது). பக்கம் ஏறும்போது எழுத்து குதிக்கக் கூடாது. அந்தக் குதிப்பின் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். இரண்டாம் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து உட்காரும். படித்துக்கொண்டிருந்த வரி கீழே போய்விடும். தேடி விரலை வைத்தால் விரலுக்கடியில் விளம்பரம். இதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. தெரியாமல் நடப்பதற்குத் தீர்வு எளிது: படத்துக்கும் விளம்பரத்துக்கும் அகல உயரத்தை முன்பே எழுதி இடம் பிடித்து வையுங்கள். அவ்வளவுதான்.

எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்ற ஒரு எழுத்து 6 பைட். ஆனாலும் ஆயிரம் சொல் கட்டுரை 30 கிலோபைட்டைத் தாண்டுவது சிரமம். சுருக்கி அனுப்பினால் அதிலும் ஒரு பங்குதான் போகும். உங்கள் கட்டுரையின் மேலிருக்கும் கோயில் கோபுரப் படமோ போனில் எடுத்து அப்படியே ஏற்றியது, 4 மெகாபைட். நூறு கட்டுரைக்கு மேல் எடையை ஒரு படம் சுமக்கிறது. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் மாற்றினால் 100, 150 கிலோபைட்டுக்கு வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எழுத்துரு வரும்வரை பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்ற வரியைச் சேருங்கள். ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. முதலில் அதில் எழுத்து வந்துவிடும். உங்களுடையது பிறகு வந்து இடம் மாற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி 11

"எழுத்துரு உள்ளேயே இருக்கிறது என்று சுலபமாகச் சொல்கிறீர்கள், நாங்கள் பட்ட பாடு தெரியுமா" என்று மூத்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியும் ஐயா. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. முகப்பில் "எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான். இறக்காவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள். டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். அப்போது வாசகர் நின்றார் என்றால் தமிழில் படிக்க வேண்டும் என்ற தவிப்பால் நின்றார். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அந்தக் காலத்தைத் தாண்டி வந்து, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறி இன்றும் நிற்கிறது. அலங்காரம் எதுவும் கிடையாது. நீளமாக ஒரு பக்கம், அதில் நூல். சங்க இலக்கியம் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்ப அங்கே போகிறார்கள். தேடியது அங்கே இருக்கிறது, உடனே வருகிறது, குறுக்கே எதுவும் வருவதில்லை.

அந்தத் தலைமுறையின் தவிப்பை இன்றைய வாசகரிடம் எதிர்பார்க்க முடியாது. அவருக்கு வேறு இடம் இருக்கிறது.

பிப்ரவரி 15

ஸ்லைடர் பற்றிக் கேட்டதற்கு இவ்வளவு தாமதமாகப் பதில். ஒரு மண்டபக் கதை சொன்னால்தான் விளங்கும்.

கல்யாண மண்டபம் ஒன்றுக்குத் தளம் செய்யப் போனேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. முகப்பில் முகூர்த்த மேடை, அலங்கார விளக்கு, சிரிக்கும் மணமக்கள் என்று படங்கள் மாறி மாறி ஓடும். பின்னணியில் நாதஸ்வரம் வேறு தானாக ஒலிக்கும். உரிமையாளருக்கு அதில் பெருமை. அவருடைய மேலாளருக்கோ நாள் முழுக்க போன்தான். கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்: "எத்தனை பேர் உட்காரலாம்? பந்திக்கு எத்தனை இலை? வாடகை என்ன? ஜெனரேட்டர் அதில் சேர்த்தியா? கார் நிறுத்த இடம் இருக்கா? வைகாசியில எந்த முகூர்த்தம் காலி?"

நான் செய்தது, அந்த மேலாளரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனில் சொன்ன பதில்களை வரிசையாக எழுதியதுதான். அதே வரிசையில் முகப்பில் வைத்தேன். மண்டபத்தில் எத்தனை இருக்கை, ஒரு பந்தியில் எத்தனை பேர், மணமகள் மணமகன் அறைகளில் ஏசி உண்டா, சமையல் பாத்திரம் யார் பொறுப்பு, வாடகையில் என்னென்ன சேரும். அதற்குக் கீழே வரும் முகூர்த்த நாட்களின் பட்டியல். பதிவானவை சிவப்பு, காலியானவை பச்சை, நிறம் பிரித்தறியாதவர்களுக்காகப் பக்கத்தில் 'காலி' என்று எழுத்திலும். மேலாளர் தினமும் மாலை அதைத் திருத்திவிடுவார். தொட்டால் அழைப்பு போகும்படி போன் எண். படங்களும் இருந்தன, ஓடாமல். சாப்பாட்டுக் கூடம், கை கழுவுமிடம், கழிவறை, வண்டி நிறுத்துமிடம். மண்டபம் பார்க்கப் போகிற குடும்பத்தில் பெரியவர்கள் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதானே.

அப்புறம் வந்த அழைப்புகள் வேறு மாதிரி இருந்தன என்றார் மேலாளர். "ஆவணி ரெண்டாவது முகூர்த்தம் காலின்னு பார்த்தேன், எவ்வளவு அட்வான்ஸ்?" என்று ஆரம்பிக்கிறார்களாம். தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்திருக்கும். பதிவு குறையவில்லை. வந்தவர் அப்பாவிடம் காட்டவும் மாமாவுக்கு அனுப்பவும் அந்தப் பக்கத்தையே திரும்பத் திறக்கிறார். எனக்கு ஈடுபாடு என்றால் இதுதான்.

ஸ்லைடர் ஏன் வேலை செய்வதில்லை என்று கேட்டால், முதல் படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். அசைகிற பெரிய பட்டை விளம்பரம் போலிருப்பதால் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. உங்கள் இதழுக்கு முகப்பில் இந்த மாதத்தின் ஒரு கதை, அதன் முதல் நான்கு வரி. போதும்.

பிப்ரவரி 16

முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கம்: இந்த உத்தியை 2006இல் உருவாக்கிய ஏஸா ராஸ்கின் பின்னால் அதற்காகப் பகிரங்கமாக வருந்தியிருக்கிறார். இதழுக்கு அது ஆகவே ஆகாது. ஒரு கதை முடிந்து அதன் கனம் மனசில் இறங்குவதற்குள் அடுத்த கதையின் தலைப்பு ஏறி வந்தால் இரண்டுமே கெடும். போதாததற்கு, அடியில் இருக்கும் உங்கள் முகவரியையும் சந்தா இணைப்பையும் தொடப்போனால் அது கீழே கீழே ஓடிக்கொண்டிருக்கும். பிடிக்கவே முடியாது.

புகைப்படத் தொகுப்புக்கு அது சரிவரும் என்று ஒருவர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன், எதையும் தேடாமல் சும்மா மேய்கிற இடத்துக்குப் பொருந்தும். அங்கேயும் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

பிப்ரவரி 20

இன்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் போனில் ஒரு கட்டணம் செலுத்த உதவி கேட்டார். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். நான் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இது என் வழக்கம், யார் போனை எடுத்தாலும் பார்ப்பேன்.

எழுத்து சின்னதாக இருந்தது. இரண்டு விரலை வைத்து விரித்தார். பக்கம் அசையவில்லை. மறுபடி விரித்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெரிதாக்க முடியாதபடி ஒரு வரியை யாரோ அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். டிசைன் கலையக் கூடாதாம். ஆப்பிள் 2016இல் ஐபோன் மென்பொருளின் பத்தாம் பதிப்பிலிருந்து (ஐஓஎஸ் 10) அந்தத் தடையை மதிப்பதில்லை, நல்லது. ஆண்ட்ராய்டில் குரோம் உலாவியின் அமைப்புகளுக்குள் போய் 'பெரிதாக்கலைக் கட்டாயமாக்கு' என்பதைத் தேடிப் போட வேண்டும். அத்தைக்கு நான் போட்டுக் கொடுத்தேன். எல்லா அத்தைக்கும் யார் போடுவது?

பிறகு படிவம். போன் எண் கேட்கிற கட்டத்தில் எழுத்துப் பலகை வந்து நிற்கிறது. எண் பலகை வரவழைக்க ஒரே ஒரு பண்பு எழுதினால் போதும், எழுதவில்லை. 'கடைசிப் பெயர்' கட்டாயம். அத்தைக்குப் பெயரும் ஒரு இனிஷியலும்தான். 'S' என்று போட்டார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வந்தது. நம்மில் எத்தனை கோடிப் பேருக்கு இனிஷியல் ஒற்றை எழுத்து! அப்பா பெயரை முழுதாகப் போட்டார், அனுப்பினார், வேறெங்கோ பிழை என்று திரும்பி வந்தது, நிரப்பியது எல்லாம் காலி.

போனைக் கீழே வைத்துவிட்டார். "நேர்ல போய்க் கட்டிக்கறேன் கண்ணா" என்றார்.

சந்தா படிவம் வைத்திருக்கிற அத்தனை பேரும் கவனியுங்கள். பெயருக்கு ஒரே கட்டம். நீள வரம்பு வேண்டாம். பிழை வந்தால் நிரப்பியதை அழிக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சொல்லுங்கள். தொடுகிற பொத்தான் விரல் அகலம் இருக்கட்டும். பிக்சல் கணக்கில் ஆப்பிள் 44 என்கிறது, கூகுள் 48 என்கிறது, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

எதிர்க்கருத்து ஒன்று வந்திருக்கிறது: "நீங்கள் ஆகாது என்கிற எல்லாமே பெரிய தளங்களில் இருக்கின்றன. அவர்களுக்குக் கூட்டம் குறையவில்லையே?"

நியாயமான கேள்வி. ஆளைப் பிடித்துவைக்க முடியும், மறுக்கவில்லை. மூடும் குறியைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைப்பது, "வேண்டாம், எனக்குப் பணம் சேமிக்கப் பிடிக்காது" என்று மறுப்பவரைக் கூச வைப்பது, முடியாத சலுகைக்குக் கடிகாரம் ஓடவிடுவது. இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்ற பெயரை வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, வெளியே வர முடியாத சந்தா எல்லாம் அதில் இருக்கின்றன. இப்படிப் பிடித்துவைக்கப்பட்டவர் கணக்கில் 'ஈடுபட்ட வாசகர்' என்றே விழுவார்.

எல்லோரும் அளவு மீறிய பிறகு உலாவிகளே குறுக்கிட்டதையும் பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் "அறிவிப்பு அனுப்பட்டுமா" என்று கேட்டுக் கேட்டு எல்லோரும் சலித்த பிறகு, 2020 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அந்தக் கேள்வியை ஓரத்தில் ஒரு சின்னக் குறிக்குள் ஒதுக்கின. போனில் திரையை மறைக்கும் பாப்அப் வைத்தால் தேடலில் தரம் இறங்கும் என்று கூகுள் 2017 ஜனவரியில் கொண்டுவந்தது. வாசகர் சலித்துக்கொண்டதைக் கடைசியில் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள்.

பெரிய தளத்துக்குப் போகாமல் இருக்க முடியாத காரணங்கள் உண்டு. சிறிய இதழுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உங்களிடம் வருகிறவர் விருப்பத்தால் மட்டும் வருகிறார். அதைக் கெடுத்தால் வேறு பிடி இல்லை.

மார்ச் 1

வரியின் அகலம் பற்றி. கணினித் திரையில் உங்கள் கட்டுரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுகிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது வழி தவறிவிடும். அகலத்தைக் கட்டுங்கள், ஒரு வரிக்கு எட்டு ஒன்பது சொல் என்று.

இதை நான் கறாராகச் சொல்லிவந்தவன். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா புதுத் தோற்றத்துக்கு மாறி வரி அகலத்தைக் குறைத்தபோது மகிழ்ந்தேன். ஆனால் "இவ்வளவு வெற்றிடம் எதற்கு" என்று அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அட்டவணை பார்க்கிறவர், இரண்டு பத்தியை ஒப்பிடுகிறவர், தொகுக்கிறவர் ஆகியோருக்கு அகலம் வேண்டும். விக்கிப்பீடியா அகலத்தையும் எழுத்தளவையும் வாசகரே மாற்றிக்கொள்ளும்படி வசதி கொடுத்தது. ஆகவே: கதைக்கும் கட்டுரைக்கும் ஒடுக்கமான வரி, அட்டவணைக்கும் கல்வெட்டுப் படத்துக்கும் முழு அகலம். உங்கள் ஊர் வரலாற்றுப் பகுதியில் கல்வெட்டுப் படங்களைத் தொட்டால் பெரிதாகும்படி செய்யுங்கள். அதைப் படிக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

மார்ச் 2

பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதியிருந்தார், உங்கள் தளத்தைத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் வாசிக்க முயல்கிறதாம். பார்த்தேன். பக்கத்தின் தலையில் மொழி 'en' என்று இருக்கிறது. 'ta' என்று மாற்றுங்கள். இரண்டு எழுத்து வேலை. இன்றே செய்யுங்கள்.

மார்ச் 8

இதுவரை சொன்னது எல்லாம் வாசகரை விரட்டாமல் இருக்கும் வழிகள். இன்னும் ஒரு பக்கம் படிக்க வைப்பது எப்படி என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள்.

கட்டுரையின் கடைசி வரிக்குக் கீழே இருக்கும் இடம்தான் தளத்திலேயே விலை மதிப்பான இடம். அங்கு வந்து சேர்ந்தவர் உங்களை நம்பிப் படித்து முடித்தவர். அவருக்கு நீங்கள் காட்டுவது என்ன? இப்போது, 'தொடர்புடைய பதிவுகள்' என்று ஒரு செருகுநிரல் தானாகப் பொறுக்கிய ஆறு கட்டங்கள். தறி நெசவு பற்றிய கட்டுரைக்குக் கீழே பொங்கல் வாழ்த்து. 'ஊர்' என்ற குறிச்சொல் இரண்டிலும் இருக்கிறதாம்.

அதை எடுத்துவிட்டு, கையால் ஒரு இணைப்பு வையுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்தவருக்கு அடுத்து எதைக் கொடுப்பேன் என்று இதழாசிரியர் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: "இதே தறிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் நினைவுகள் சென்ற ஆண்டு இதழில் வந்தன." நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகர் இன்னொன்றை எடுத்து நீட்டுவாரே, அது மாதிரி. இயந்திரம் ஆறு காட்டினாலும் தொடாதவர் இதைத் தொடுவார். தொடர்கதைக்கு முந்தைய பகுதி, அடுத்த பகுதி, முதல் பகுதி என்று மூன்று இணைப்பு கட்டாயம். எழுதியவர் பெயரைத் தொட்டால் அவருடைய எல்லாப் படைப்பும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

இணைப்புக்குத் தலைப்பு வைக்கும்போது விஷயத்தை முதலில் சொல்லுங்கள். 2006இல் நீல்சன் குழு 232 பேரின் கண் அசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, பக்கத்தை ஆங்கில எஃப் எழுத்து வடிவில் மேய்வது தெரிந்தது. மேலே இரண்டு வரி அகலமாக, பிறகு இடது ஓரமாக இறக்கம். கீழே போகப் போக வரியின் முதல் சொற்கள் மட்டுமே கண்ணில் படும். "இதைப் படித்தால் அசந்துபோவீர்கள்" என்று தொடங்கும் தலைப்பில் அந்த முதல் சொற்கள் வீணாகின்றன.

மார்ச் 9

அரசுத் தளம் ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு: 2012 அக்டோபரில் தொடங்கிய பிரிட்டன் அரசின் ஒருங்கிணைந்த தளம். மறு ஆண்டு லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. அங்கே விடுமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த பொது விடுமுறை எந்தத் தேதி என்று மேலே பெரிதாக இருக்கும், முழுப் பட்டியல் அதற்குக் கீழே. பல இடங்களில் அதே தகவலுக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றை இறக்கி, கோணலாக நிற்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 16

மாற்றங்களைப் பார்த்தேன். வரி உயரம் சரி, எழுத்தளவு சரி, கோபுரப் படம் உடனே வருகிறது. கூட்டுறவும் தீர்மானமும் இப்போது ஒட்டவில்லை. தறிக்கூடக் கட்டுரைக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத் தொட்டு நானே அடுத்ததற்குப் போய் முழுக்கப் படித்தேன். நல்ல கட்டுரை, சென்ற ஆண்டு எப்படியோ கண்ணில் படாமல் போயிருக்கிறது.

மூன்று பாக்கி. தலைப்புப் பட்டை மேலே ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. போனைப் படுக்கவைத்தால் திரையில் மூன்றிலொரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது. அதை விடுவித்துவிடுங்கள். கறுப்புப் பின்னணி கேட்கிறார்கள் என்றீர்கள், கொடுங்கள். சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை எழுத்து இரவில் கண்ணைக் குத்தும், #121212 மாதிரி ஒரு கறுப்பும் கொஞ்சம் மங்கிய வெள்ளையும் வையுங்கள். அணிந்துரைப் பக்கத்தில் இன்னும் #999 இருக்கிறது.

டிசைனரிடம் கொடுக்க இருந்த தொகையில் ஒரு பங்கை, பழைய இதழ்களில் படமாகக் கிடக்கும் கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஊர் வரலாற்றிலிருந்து ஆரம்பியுங்கள், தேடி வருகிறவர்கள் அதற்குத்தான் அதிகம்.